தர்மதேவி காணவில்லை

சட்டைப் பைக்குள் விட்ட விரல் பையின் அடி வழியாக வெளியே வந்தபோதுதான் மல்லிநாதனுக்கு விஷயம் புரிந்தது. காசு இல்லை. காசு இருந்த இடத்தில் விரல் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது.

அப்போது அவர் தேரடி வீதியில் மதார் சாகிப்பின் பழைய பாத்திரக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கறுத்துப்போன காசைப் புளி போட்டுத் துலக்கி, பளபளவென்று கொண்டுபோய் மனைவியிடம் காட்டலாம் என்று வந்தவர். துலக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. அவருக்குத்தான் அவளுக்காக ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. சுனந்தா கட்டிலோடு கிடந்தாள். வெளியூர் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்து, திரும்ப மூடி, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொண்டால் நல்லா பார்த்துக்கொள்வது ஆகும் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை.

காசு சுனந்தாவின் தாய்வீட்டுச் சொத்து. வந்தவாசிப் பக்கத்து ஜைன கிராமம் ஒன்றில் ஏர் உழும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்தது. ஒரு பக்கம் தலையில் இலை சூடிய ஓர் ஆள். மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண். ஒரு கையில் நீளக் கோல், இன்னொரு கையில் மரக்கிளை. அந்தப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண்கள் யாரிடம் காட்டினாலும் யோசிக்கவே மாட்டார்கள். கிளை என்றால் மாங்கிளை. மாங்கிளை பிடித்த பெண் என்றால் தர்மதேவி. நேமிநாதருக்குக் காவல் தெய்வமாக, இரண்டு பிள்ளைகளோடு கோயிலில் நிற்கிறாளே, அவளேதான். சுனந்தாவின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அதை மகளுக்குக் கொடுத்தார். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து மகள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டுதான் கண்ணை மூடினாள்.

அப்படிப்பட்ட தேவியை ஓட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிய மனிதர், வந்த வழியெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

"தேவி எங்கங்க?" என்றாள் சுனந்தா.

"பாய் கடையில. துலக்கிட்டிருக்காங்க."

"இவ்ளோ நேரமாவா?"

"அழுக்கு ஜாஸ்தியாம்."

பொய் பேசுவதில்லை என்று விரதம் எடுத்திருந்தவர் மல்லிநாதன். விரதம் போனதே போனது, போன கையோடு கொஞ்சம் நிம்மதியாவது வந்திருக்கலாம். அதுவும் வரவில்லை. தேவி கையில் இல்லாமல் சுனந்தா ராத்திரியெல்லாம் புரண்டாள். ஒன்று மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவளைக் காப்பாற்ற அவரால் ஆகாது. அவளுடைய தேவியைத் தேடி அவள் கையில் வைப்பதாவது ஆக வேண்டும்.

மல்லிநாதன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஆகவே மறுநாள் அவருக்குத் தோன்றிய வழியும் டிராயிங் மாஸ்டருக்குத் தோன்றுகிற வழியாகவே இருந்தது. பெரிய தாள்களில் காசின் படத்தை மையால் வரைந்து, மேலே "காணவில்லை" என்று கொட்டை எழுத்தில் எழுதி, பஸ் ஸ்டாண்டிலும் தேரடியிலும் அய்யங்குளத்து மதிலிலும் ஒட்டினார். நாற்காலி நன்றாக வந்திருந்தது. கிளையில் ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. முகம் வரையும்போது மட்டும், காசில் இருக்கும் முகம் எப்படி என்று சரியாக ஞாபகம் வராமல், கை தானாக ஒரு முகத்தை வரைந்துவிட்டது. படம் தாளை அடைத்துக்கொண்டதால், காணாமல் போனது வெள்ளிக் காசு என்ற விவரம் அடியில் எறும்பு வரிசையாகப் போனது. அதை யாரும் படிக்கவில்லை.

சாயங்காலம் ஆதிமூலம் என்ற போலீஸ்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இந்த அம்மா எப்போலேர்ந்து காணோம்?"

"நேத்துலேர்ந்து" என்றார் மல்லிநாதன்.

"வீட்ல ஏதாவது சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லீங்க. என் சட்டைப் பையிலதான் இருந்தாங்க."

ஆதிமூலம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பார்வை உள்ளே கட்டிலுக்குப் போனது. கையில் இருந்த நோட்டீசைப் பார்த்தார். மறுபடி கட்டிலைப் பார்த்தார்.

"தோ, இங்கயே படுத்திருக்காங்களே. கெடச்சிட்டாங்களா?"

"அவ காணாமப் போகலீங்க. அவ என் சம்சாரம்."

"பின்ன யாரு காணோம்?"

"தர்மதேவி."

"ரெண்டு சம்சாரமா?" என்றார் ஆதிமூலம், குரலைத் தாழ்த்தி.

விவரம் எல்லாம் விளங்கி, "எமர்ஜென்சி முடிஞ்சிருச்சுனு ஆளாளுக்கு இஷ்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டறீங்க" என்று முனகிக்கொண்டே அவர் போவதற்குள், சுனந்தாவுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. நோட்டீசை வாங்கிப் பார்த்தாள். நாற்காலியில் கோலும் கிளையுமாக அவளே உட்கார்ந்திருந்தாள், உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன்பிருந்த கன்னங்களோடு.

"ஏங்க, நான் இன்னும் போகலையே. அதுக்குள்ளயே காணோம்னு ஒட்டிட்டீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். மல்லிநாதன் மேல்துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அழுதார். அவர் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் அவள் கையில் ஊசி ஏற்றிய அன்று, கட்டில் கம்பியைப் பிடித்தபடி இவர் மயங்கி விழுந்தார். நர்சுகள் அவளை அப்படியே விட்டுவிட்டு இவரைத் தூக்கி ஓடினார்கள். "வைத்தியம் எனக்கா, உங்களுக்கா?" என்று சுனந்தா பல நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் வாசலில் கூட்டம். ஓட்டைக் காலணா, கோயில் செப்புக் காசு, தோல் கம்பெனி டோக்கன், ராணி தலை போட்ட பொத்தான் என்று ஊரில் வட்டமாக இருந்ததெல்லாம் வந்து சேர்ந்தது. தேவி வரவில்லை. வாத்தியார் வீட்டில் புதையல் கிடைத்திருக்கிறது, அதில் ஒன்று தவறிவிட்டதால்தான் இந்தப் பதற்றம் என்று ஒரு பேச்சும் கிளம்பியது.

"நோட்டீசக் கிழிச்சிட்டு, பாய் கடையிலயே கேளுங்க. யார் எடுத்தாலும் அங்கதான் கொண்டாந்து போடுவாங்க" என்றாள் சுனந்தா. அப்போது பக்கத்து வீட்டுக் கைசர் ஜஹான் உள்ளே வந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாயங்கால டியூட்டிக்குப் போகும் வழியில், டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசியைப் போட்டுவிட்டுப் போவாள். ஊசிப் பெட்டியைக் கண்டதுமே மல்லிநாதன் செருப்பைத் தேடினார்.

கடையில் மதார் சாகிப் ஒரு பித்தளைத் தட்டை நகர்த்தி, அதற்கு அடியிலிருந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்தார். நாற்காலி, கோல், கிளை, பெண். எல்லாம் இருந்தன. பளபளவென்று வேறு இருந்தது.

"யாரோ கொண்டாந்து போட்டாங்க வாத்தியாரே. யாருனு ஞாபகம் இல்ல. நம்ம கடைக்கு வந்தா எதுவா இருந்தாலும் புளி போட்டுத் தேச்சிடுவான் நம்ம ஆளு. கொண்டுபோய் அம்மாகிட்ட காட்டுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

மல்லிநாதன் ஓட்டமும் நடையுமாக வந்தார். சுனந்தா காசை வாங்கி, தேவி பக்கத்தைப் பார்த்தாள். திருப்பி, இலை சூடிய ஆளின் கன்னத்தைக் கட்டைவிரலால் தடவினாள். வெகுநேரம் தடவினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"இது நம்ம தேவி இல்லீங்க."

"கிளை இருக்கே. கோல் இருக்கே."

"நம்ம தேவி கறுப்பு. இவ வெள்ளைக்காரி மாதிரி இருக்கா."

"புளி போட்டுத் தேச்சிட்டாங்களாம்."

"மூக்கும் வேற. நாளைக்கு வேற எங்கயாவது பாருங்க. நாலு மணிக்கு மேல கெளம்புங்க, வெயில் கொறைஞ்சிருக்கும்."

"அப்ப இதத் திருப்பிக் குடுத்துடட்டுமா?"

"வேணாம். தலகாணி அடியில கெடக்கட்டும். வீடு தேடி வந்த பொம்பளைய எங்க தொரத்தறது?"

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அன்று அவர் சோற்றை வடிப்பதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. மல்லிநாதன் தண்ணீரைக்கூடத் தொடாமல் படுத்தார். அதற்கப்புறம் பல நாள் அவருக்கு அப்படித்தான் ஆனது.

வேங்கிக்காலில் ஜியாவுல்லா என்று ஒரு காலேஜ் சரித்திர ஆசிரியர் குடியிருந்தார். பழைய காசுகள் சேர்ப்பவர் என்று மதார் சாகிப் சொல்லியிருந்தார். மறுநாள் நாலு மணிக்கு மல்லிநாதன் சைக்கிளை மிதித்தார். நடந்ததையெல்லாம் கேட்ட ஜியாவுல்லா சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் மிளகு வாங்க வந்த கப்பல்களில் இப்படிக் காசுகள் மூட்டையாக வந்தன என்றார்.

"தலையில இலை வச்சிருக்கறது ரோமாபுரி ராஜா சார். பின்னால உக்காந்திருக்கறது அவரோட அம்மானு சொல்றாங்க. கையில இருக்கறது ஆலிவ் கிளை. சமாதானத்துக்கு அடையாளம்."

"மாங்கிளை இல்லீங்களா?"

"அந்த நாட்ல மாமரம் கெடையாதே."

மல்லிநாதனுக்குத் தன் மாமியாரை நினைத்துச் சங்கடமாக இருந்தது. ஜியாவுல்லா பெட்டியிலிருந்து வேறொரு வெள்ளிக் காசை எடுத்தார். அதில் இரண்டு இளம் பிள்ளைகள் அருகருகே நின்றார்கள். அந்த அம்மாவின் புருஷனாக இருந்த பெரிய ராஜாவின் மகள் வயிற்றுப் பேரன்கள். தன் பிள்ளைகளாகவே அவர் எடுத்து வளர்த்தாராம்.

"அப்புறம் என்ன ஆனாங்க?"

"ரெண்டு பேருமே சின்ன வயசுல போயிட்டாங்க சார். கெழவரு உயிரோட இருக்கும்போதே."

தேவி கிடைக்காவிட்டாலும் தேவியின் பிள்ளைகளாவது போகட்டுமே என்று மல்லிநாதன் அந்தக் காசை இரவல் வாங்கி வந்தார். கைசர் ஜஹான் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். சுனந்தாவின் நெற்றி முழுக்க வியர்வை. தலைமுடி ஈரமாக ஒட்டியிருந்தது. "புழுக்கம்" என்றாள். ஆலிவ் சமாசாரத்தைச் சொன்னதும், "அவரு மாங்கிளையப் பாத்திருக்க மாட்டாரு, பாவம்" என்றாள்.

பிறகு பிள்ளைகளைப் பார்த்தாள். சுனந்தாவுக்கும் மல்லிநாதனுக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றி வீட்டில் பேச்சே நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

"எவ்ளோ அழகா நிக்கறாங்க, நம்ம தேவியோட புள்ளைங்க மாதிரியே. மூத்தது சுபங்கரன், எளையது பிரபங்கரன். இந்த ரோமாபுரிப் புள்ளைங்க அப்புறம் என்ன ஆனாங்களாம்?"

"பெரிய ராஜா ஆனாங்களாம். ரெண்டு பேரும்."

"நல்லதாப் போச்சு" என்று அவள் விரலால் இருவர் தலையையும் தொட்டாள். "கையில என்னங்க இது?"

"கேடயம்."

"பின்னால?"

"ஈட்டி."

"கொசுவ அடிக்காத வீட்டுக்குள்ள ஈட்டியா? திருப்பிக் குடுத்துட்டு வந்துடுங்க."

திருப்பிக் கொடுக்க அடுத்த நாள் மறுபடி வேங்கிக்கால். அதற்கு மாற்றாக ஜியாவுல்லா கொடுத்தது முட்ட வரும் காளை போட்ட காசு. சுனந்தா அதை ஒரே பார்வையில் தள்ளிவிட்டாள்.

"காளை ஆதிநாதரோட அடையாளம். நம்ம தேவி யாருக்குக் காவல்?"

"நேமிநாதருக்கு."

"அவருக்கு என்ன அடையாளம்?"

"சங்கு."

"அப்ப சங்கு போட்ட காசு பாருங்க."

ரோமாபுரி ராஜாக்களில் ஒருவரும் சங்கு போட்டுக் காசு அடித்ததாகத் தான் கேள்விப்பட்டதில்லை என்றார் ஜியாவுல்லா. கீழ்பென்னாத்தூரில் கடலைக் கொல்லையில் யாருக்கோ ஒரு சட்டி காசு கிடைத்ததாகப் பேச்சு, அங்கே போய்ப் பாருங்கள் என்றார். மல்லிநாதன் தயங்கினார். பஸ்ஸில் போய்வர நேரமாகும், சுனந்தாவை விட்டுவிட்டு அவ்வளவு நேரம் இருக்க மனசில்லை. அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். கைசர் லீவு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நீங்கள் மத்தியானமே கிளம்பினால் சரியாக இருக்கும் என்றாள். லீவு எல்லாம் எப்போது பேசி முடித்தார்கள் என்று மல்லிநாதனுக்குத் தெரியவில்லை. ஹெட்மாஸ்டர் அவர் லீவைப் பற்றி முறைத்துக்கொண்டிருந்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

கொல்லைக்காரர் பெயர் மண்ணாங்கட்டி. குடை, கண்ணாடி, வெள்ளைச் சட்டை சகிதம் வரப்பில் வந்த மல்லிநாதனைத் தாலுகா ஆபீசர் என்றே முடிவு செய்துவிட்டார்.

"என் கொல்லையில கடலையத் தவிர ஒண்ணும் இல்லீங்க."

"நான் சர்க்கார் ஆள் இல்ல. டிராயிங் மாஸ்டர்."

"படம் போட வந்தீங்களா? கொல்லையப் படம் போட்டுப் புடுங்கிக்குவீங்களா?"

மல்லிநாதன் வரப்பிலேயே உட்கார்ந்து, மனைவிக்கு உடம்பு சரியில்லை, தேவி காணாமல் போய்விட்டாள், சங்கு வேண்டும் என்று வரிசையில்லாமல் சொல்லி அழ ஆரம்பித்தார். மண்ணாங்கட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுகிற ஆபீசரை அவர் அதற்குமுன் பார்த்ததும் இல்லை. மடியை அவிழ்த்து ஒரு காசை எடுத்துக் கையில் வைத்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கும்பிட்டு, ஒரு துண்டு நிறையப் பச்சைக் கடலையும் கட்டிக் கொடுத்தார்.

காசில் முன்பாதி ஆடு, பின்பாதி மீன்.

சுனந்தா அதைப் பார்த்துச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். கைசர் ஜஹான் அவள் தோளைத் தாங்கிக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது. அது சிரிப்பில் வந்தது என்றுதான் மல்லிநாதன் நினைத்தார். நினைத்து, பல நாளுக்குப் பிறகு கொஞ்சம் சந்தோஷப்பட்டார்.

"இது புஷ்பதந்தரோட மகரம். சங்கு எங்கங்க?"

"கெடைக்கலையே சுனந்தா. பேசாம அந்த வெள்ளைக்காரியவே தேவினு வச்சிக்கயேன்."

அவள் தலையணைக்கு அடியில் கையை விட்டுக்கொண்டாள்.

"எங்க அம்மா ஊருக்குப் போய்ட்டு வாங்க. அதே நெலத்துலதான் இன்னும் இருக்கும். காலைல மொத பஸ்ஸுக்குப் போங்க. அவசரப்படாம தேடுங்க. பொழுது சாயறதுக்குள்ள வந்து சாப்பிட்டுடுங்க."

போக மனமில்லாமல்தான் போனார். வந்தவாசியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, மாமியார் ஊரின் நிலத்தில் கொளுத்தும் வெயிலில் குனிந்து நடந்தார். ஊரார் மாப்பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று வரப்பில் நின்று பார்த்தார்கள். ஒரு கிளிஞ்சல் கிடைத்தது. சங்கு மாதிரி இருந்தது. அதையாவது காட்டலாம் என்று எடுத்துக்கொண்டு திரும்பினார்.

வெளிச்சம் இருக்கும்போதே தெருவுக்குள் வந்துவிட்டார். வாசலில் செருப்புகள் கிடந்தன. ஆதிமூலம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். மதார் சாகிப் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். மத்தியானமே போய்விட்டாளாம்.

காரியங்கள் எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு, அவர் இரவல் காசுகளை ஒரு தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காளை ஜியாவுல்லாவுக்கு. ஆட்டுமீன் மண்ணாங்கட்டிக்கு. நாற்காலிக்காரி மதார் சாகிப்புக்கு. அவளைத்தான் சுனந்தாவின் கையை விரித்து எடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கைசர் ஜஹான் சோறு கொண்டுவந்து வைத்தாள். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. அவர் தட்டைத் தொடவில்லை.

"ஒரு காசு தேடித்தர எனக்குத் துப்பில்லாமப் போச்சும்மா. கடைசி நேரத்துல பக்கத்துல இருக்கவும் குடுத்து வைக்கல. அவ தேவியத் தொலைச்சேன். யாரோ ராஜாவோட அம்மாவப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டா."

கைசர் ஜஹான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சோற்றை அவர் பக்கம் நகர்த்தினாள். சொல்லக் கூடாது என்று சுனந்தா சத்தியம் வாங்கியிருந்தாளோ என்னவோ, கைசர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"மொத நாள் நீங்க கொண்டாந்ததே அக்காவோட காசுதான் சார், தொட்டதுமே தெரிஞ்சிருச்சு அவங்களுக்கு, வலி வர்ற நேரத்துல நீங்க வீட்ல இருந்து அதப் பாக்கக் கூடாதுன்னுதான் இல்ல இல்லனு சொல்லித் தெனம் அனுப்பினாங்க, வலி ஜாஸ்தியாக ஆகத்தான் தூரமா அனுப்பினாங்க."